ஒற்றைக் கையால் நாணேற்றியவர்

என் தொழில் அடுத்தவர்களின் ஜக்கற்றுக்கு ஜிப், எங்கள் பேச்சில் சிப், பூட்டிவிடுவது. கியூபெக்கில், நோத்ர-டாம்-த-கிரேஸ் என்ற இடத்தில், ஒரு கார்தெரியில், அதாவது சிறுபிள்ளைகள் காப்பகத்தில், இருபது வருடமாக வேலை செய்கிறேன். பனிக்காலத்தில் எட்டுப் பிள்ளைகளுக்குத் தொப்பி, கையுறை, சப்பாத்து, ஜக்கற் எல்லாம் போட்டு வெளியே கூட்டிப்போக முக்கால் மணித்தியாலம் ஆகும். வெளியே போனதும் ஒன்று மூத்திரம் வருகிறது என்று கத்தும். எல்லாவற்றையும் திரும்பக் கழற்றவேண்டும். இதனால் எனக்கு ஒரு வியாதி வந்துவிட்டது. பூட்டாத சிப் ஒன்றைக் கண்டால் கை என்னைக் கேளாமலே நீளும். மெத்ரோ ரயிலில் முன்பின் தெரியாத ஒரு மனிதருக்குப் பூட்டிவிட்டு மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

அவரிடமும் அப்படித்தான் மாட்டுப்பட்டேன். லாசாலில் எங்கள் மாடிக்கட்டடத்துக்கு அவரும் மனைவியும் குடிவந்த புதிது. கீழ்வாசலில் நின்று ஜக்கற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். இடது கை தோளிலிருந்து சும்மா தொங்கியது. இடுப்பைச் சுவர் மூலையோடு அழுத்தி, ஜக்கற்றின் ஒரு பக்கத்தை அங்கே சிறைபிடித்து, மறுபக்கத்தை வலது கையால் கொண்டுவந்து கொழுவப் பார்த்தார். நான் குனிந்து ஒரே இழுவையில் நாடிவரை பூட்டிவிட்டேன். பழக்கதோஷத்தில் பிரெஞ்சில் "சபாஷ், என் சிங்கக்குட்டி" என்றும் சொல்லிவிட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிப்பை அடிவரைக்கும் இறக்கி, ஜக்கற்றை முழுதாகத் திறந்து, முதலிலிருந்து தொடங்கினார். வாசலில் பஸ் வந்தது, போனது. அடுத்த பஸ்ஸும் வந்து போனது. மூன்றாவது பஸ்ஸில் இரண்டு பேரும் ஒன்றாக ஏறினோம்.

"இனிமேல் விடு தங்கச்சி. நான் பூட்டுவன்" என்றார்.

பிறகு வந்த வருடங்களில் இந்த "விடு தங்கச்சி" எத்தனை தடவை என் காதில் விழுந்தது என்று கணக்கில்லை. கதவைப் பிடித்தால் விடு தங்கச்சி. அரிசி மூட்டையில் ஒரு நுனியைத் தொட்டால் விடு தங்கச்சி. என் கார்தெரியில் இரண்டு வயதுப் பிள்ளைகள் "நானே, நானே" என்று தரையில் விழுந்து உதைக்கும். அந்த வயது எல்லோருக்கும் ஒருநாள் கடந்துபோகும். இவருக்குப் போகவில்லை.

கைக்கு என்ன நடந்தது என்று கேட்பவர்களுக்கு ஆளுக்கொரு கதை சொல்வார். மேல்மாடிப் பிள்ளைகளுக்குச் சுறா கடித்தது என்றார். கோயில் நிர்வாகத்தாருக்குத் தேர்வடம் இழுத்ததில் போனது. கட்டடச் சொந்தக்காரரிடம், பழுதான ஹீற்றரைத் தானே திருத்தப் போனதால் வந்த வினை என்றார்; அந்தக் கிழமையே ஹீற்றர் திருத்தப்பட்டது. நான் கேட்டபோது, "சீதனமா வந்த கை தங்கச்சி, அளவு சரிவரேல்லை" என்றார். உண்மையில் பாரிசவாதம். கால் திரும்பி வந்துவிட்டது, கை வரவில்லை. அக்கா, அதாவது அவர் மனைவி, இதை ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டு, "நான் சொன்னதெண்டு வாய் திறந்திடாதையும்" என்றார்.

எந்தச் சாமானை வாங்கினாலும் அவருக்கு ஒரே கேள்விதான்: இது ஒரு கையால் ஏலுமா? விலையும் நிறமும் பிறகு. ஒரு மழைநாள் மூலைக்கடைக்குக் குடை வாங்கப் போனோம். இருந்த பதினான்கு குடைகளையும் கடைக்குள்ளேயே விரித்துச் சுருக்கிப் பார்த்தார். பால் வாங்க வந்த ஒரு அம்மா இரண்டு குடைகளுக்கு நடுவில் அகப்பட்டு வெளியே வர வழி கேட்டார். பதினான்காவது குடை அவருக்குப் பிடித்துக்கொண்டது. அதற்குள் மழை விட்டுவிட்டது. "அப்ப தேவையில்லை" என்று வெளியே வந்துவிட்டார். கடைக்காரர் அவரை விட்டுவிட்டு என்னைத்தான் முறைத்தார்.

வீட்டில் அவர் திறக்காத போத்தல் இல்லை. ஊறுகாய், ஜாம், எதுவானாலும் முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கி ஒரே திருகில் திறப்பார். திறந்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பார். ஒருநாள் அவர் குளிக்கப் போன நேரம், அக்கா அலுமாரியிலிருந்த போத்தல் மூடிகளை ஒவ்வொன்றாக இளக்கி வைப்பதைக் கண்டேன். என்னைக் கண்டதும் வாயில் விரலை வைத்தார். முப்பத்தைந்து வருடக் குடித்தனம் என்றால் சும்மாவா.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் வேட்டை ஆசை வந்தது.

அவர் வேலை செய்தது அட்டைப்பெட்டி செய்யும் ஒரு தொழிற்சாலையில். பெட்டிகளைப் பார்த்து நல்லது கெட்டது பிரிக்கும் மேசை அவருடையது. அங்கே ஃபோர்மனும் இன்னும் இரண்டு கியூபெக்காரரும் ஒவ்வொரு இலையுதிர்காலமும் வடக்கே மலைக்காட்டுக்கு மான்வேட்டைக்குப் போவார்கள். ஒரு வருடம் இவரையும் கூட்டிக்கொண்டு போனார்கள். சமைப்பதற்கு. அவர்கள் காட்டில் திரிய, இவர் மூன்று நாளும் மரக்குடிலில் இருந்து கறி வைத்தார். கறியைப் புகழ்ந்து தோளில் தட்டினார்களாம். திரும்பி வந்து மூன்று நாள் குசினிப் பக்கமே போகவில்லை. நாலாம் நாள் என் கதவைத் தட்டி, கீழே நின்ற என் வான் வண்டியைக் காட்டிக் கேட்டார்.

"தங்கச்சி, சனிக்கிழமை உன்ரை வான் சும்மாதானே நிக்குது?"

"ஏன் அண்ணை?"

"ஒரு வில்லு வாங்கவேணும்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "அடுத்தமுறை குசினிக்காரனாப் போறேல்லை. வேட்டைக்காரனாப் போறன். இல்லாட்டிப் போறதே இல்லை."

ஃபோர்மன் நல்ல மனிதர். ஒரு வில்லை வாங்கு, நான் நாணேற்றித் தருகிறேன், நீ சுடு என்று சொல்லியிருந்தார். அதில்தான் இவருக்குக் கோபம் ஏறிவிட்டது. "அவன் நாணேத்தித் தந்தால் அது அவன் சுட்ட மான். எனக்கென்ன அதிலை?" என்றார். இங்கே வேட்டைக்காரருக்கு முதலில் படிப்பும் பரீட்சையும் உண்டு. தன் மகளின் வயதுப் பிள்ளைகளோடு குந்தியிருந்து அதையும் பாஸ் பண்ணி முடிக்க அடுத்த கோடை வந்துவிட்டது. வில் ஒன்றுதான் பாக்கி.

வேட்டைச் சாமான் கடை நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் இருந்தது. வாசலில் பாடம்செய்த ஒரு கரடி. அதற்குப் பின்னால் அதே பருமனில் தாடி வைத்த கடைக்காரர். சாதாரண வில்லை ஒரு கை பிடிக்க மறு கை இழுக்கவேண்டும். அது இவருக்குச் சரிவராது. இது வேறு சாமான். துப்பாக்கிக் கட்டையின் முனையில் வில்லைக் குறுக்கே படுக்கவைத்துப் பூட்டியிருக்கும். நாணை இழுத்துக் கொக்கியில் மாட்டிவிட்டால் தானே நிற்கும். பிறகு கட்டையைத் தோளில் முட்டுக்கொடுத்து, குழாயால் குறிபார்த்து, விசையை அமத்தவேண்டியதுதான். இங்குள்ளவர்கள் ஆர்பலெத் என்பார்கள். சுடுவதற்கு ஒரு கை போதும். நாணேற்றத்தான் இரண்டு கை வேண்டும். சிக்கல் முழுவதும் அதில்தான்.

முதல் வில்லின் முனையிலிருந்த வளையத்துக்குள் காலை விட்டு மிதித்துக்கொண்டு நாணை ஒரு கையால் இழுத்தார். நாண் கோணிக்கொண்டு ஒருபக்கமாக வந்தது. இப்படிச் சுட்டால் அம்பு ஒட்டாவாவுக்குப் போகும் என்றார் கடைக்காரர்.

இரண்டாவதற்கு ஒரு கயிறு தந்தார். நாணில் கொழுவி, கயிற்றின் இரண்டு கைபிடிகளையும் இழுத்தால் பாரம் பாதியாகும். அவர் ஒரு கைபிடியைக் கையில் பிடித்தார். மற்றதை என்ன செய்யப்போகிறார் என்று நான் யோசித்து முடிப்பதற்குள் பல்லால் கவ்விவிட்டார். "அண்ணை, வேண்டாம்!" என்று கத்தினேன். அவர் இழுத்தார். நாண் வரவில்லை. மேல்வரிசைப் பல்லுக்கட்டுத்தான் வந்தது. கைபிடியைக் கவ்வியபடியே பறந்துபோய்க் கரடியின் காலடியில் விழுந்தது. கரடிக்கு ஏற்கெனவே நிறையப் பல் இருந்தது.

கடைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். என் வாயில் வந்ததெல்லாம் கார்தெரிப் பிரெஞ்சுதான். "ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, அழக்கூடாது" என்று அந்த ஆறடித் தாடிக்காரரைத் தேற்றினேன். அவர் பல்லுக்கட்டைக் கழுவி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து கொடுத்தார். அண்ணை அதை வாங்கி மாட்டிக்கொண்டு, ஒன்றும் நடக்காதவர்போல, "வேறை என்ன இருக்கு?" என்று கேட்டார்.

கூடவரும் நண்பர் யாராவது நாணேற்றித் தரலாமே என்று கடைக்காரர் தயவாகத்தான் சொன்னார். அண்ணையின் முகம் போன போக்கைப் பார்த்தேன். அந்த முகத்தை எனக்குத் தெரியும். சப்பாத்தை நான் போட்டுவிட்டால் ஒரு நாள் முழுவதும் என்னோடு கோபிக்கும் பிள்ளையின் முகம். எனக்குப் பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. "அவரே செய்வார். அவரே செய்யக்கூடியதைக் காட்டுங்கள்" என்று கடைக்காரரிடம் பாய்ந்தேன். அண்ணை என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். எனக்கே ஆச்சரியம்தான்.

கடைக்காரர் உள்ளே போய், பின்புறத்தில் சுற்றுகைபிடி வைத்த ஒன்றைக் கொண்டுவந்தார். கைபிடியைச் சுற்றினால் உள்ளே பட்டி சுருண்டு நாணை நேராக இழுத்துவரும். அண்ணை கதிரையில் அமர்ந்து, வளையத்துக்குள் காலை விட்டு, கட்டையை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்துச் சுற்றத் தொடங்கினார். கட்டை ஆடியது. என் கை நீண்டது. கடைக்காரரின் கையும் நீண்டது. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் "விடுங்கோ!" விழுந்தது. அந்த மனிதருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். தூண்டில் வாங்க வந்தவர்களெல்லாம் கூடிவிட்டார்கள். கடைசியில் 'டிக்' என்று கொக்கி விழுந்ததும் கைதட்டினார்கள்.

"அண்ணை, நீங்கள் சுத்தி முடிக்கிறதுக்கிடையிலை மான் பேரப்பிள்ளை கண்டிடும்" என்றேன்.

"காணட்டும். நான் பேரப்பிள்ளையைச் சுடுறன்."

அதோடு வாங்கிவிட்டார் என்று நினைக்கவேண்டாம். ஏற்றிய நாணை இறக்க ஒரு கை போதுமா, அம்பு வைக்க ஒரு கை போதுமா, பாரத்தைத் தாங்கும் முக்காலியை ஒரு கையால் விரிக்கலாமா என்று மூன்று சனிக்கிழமை என் வான் அங்கே போனது. மூன்றாவது சனிக்கிழமை வில் வீட்டுக்கு வந்தது.

இலையுதிர்காலம் வந்தது. வேட்டைக்குப் புறப்படும் வெள்ளிக்கிழமைக்கு முதல்நாள் பின்னேரம் அவர் வீட்டில் ஒரே சத்தம். போய்ப் பார்த்தேன். வரவேற்பறையில் நவராத்திரிக் கும்பம். சரஸ்வதி படத்துக்கு முன்னால் ஒரு பலகை. அதில் அக்காவின் தையல் மெஷின், மகளின் பழைய புத்தகங்கள், அரிவாள், அவற்றுக்கெல்லாம் நடுவில் செவ்வந்தி மாலையோடு வில்.

"என்னைக் கேளாமல் ஏனப்பா வைச்சனீர்?" அவர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஆயுதம் எண்டால் ஆயுத பூசையிலை வைக்கிறதுதானே! வைச்சதை விஜயதசமிக்கு முன்னம் எடுக்கிறேல்லை. பிள்ளையின்ரை புத்தகத்தையே எடுக்க விடாதனான், உங்கடை வில்லையோ விடப்போறன்?"

விஜயதசமி சனிக்கிழமை காலையில். ஃபோர்மன் கூட்டம் வெள்ளி மத்தியானமே குடிலுக்குப் போய்விடும். மூன்று சனிக்கிழமையும் ஒரு பல்லுக்கட்டும் வீணாகப் போகப்போகின்றன என்று எனக்கு வயிறு எரிந்தது. ஃபோர்மனின் இன்னொரு வில்லை இரவல் வாங்கலாமே என்றேன். அவர் 'விடு தங்கச்சி' சொல்வதற்கு முதலே நான் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

கொஞ்சநேரம் பலகையைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு நின்றார்.

"எடுக்கக்கூடாது. அவ்வளவுதானே?"

"ஓம்."

"அப்ப எடுக்காமல் கொண்டுபோவம்."

வெள்ளி மத்தியானம் என் வானின் பின்சீற்றை மடித்து, பலகையை அப்படியே தூக்கி ஏற்றினோம். தையல் மெஷினும் வந்தது, புத்தகங்களும் வந்தன, சரஸ்வதியும் வந்தார். பூசையைத் தனியே விடமுடியாதென்று அக்காவும் வந்தார். இரண்டு மணித்தியாலப் பயணம் முழுவதும் கும்பத்தை மடியில் வைத்துக்கொண்டு, நான் வளைவு திரும்பும் ஒவ்வொரு தடவையும் "மெதுவா, மெதுவா" என்றார்.

குடிலுக்குக் கிட்ட வனவிலங்கு அதிகாரி ஒருவர் மறித்தார். பின்கதவைத் திறந்து மாலை போட்ட வில்லையும் தேங்காயையும் தையல் மெஷினையும் நெடுநேரம் பார்த்தார். வில் ஏற்றியிருக்கிறதா என்று கேட்டார். அண்ணை, நாளை காலைவரை அதை ஒருவரும் தொடவே கூடாது என்று பிரெஞ்சில் விளக்கினார். இவ்வளவு பொறுப்பான வேட்டைக்காரரை அதிகாரி கண்டதில்லைப் போலிருக்கிறது. போகும்போது படத்திலிருந்த வீணையைக் காட்டி, அந்த அம்மா வைத்திருப்பது என்ன ரக வில் என்று விசாரித்தார்.

வேட்டைக்காரருக்கு மணம் பெரிய விஷயம். ஃபோர்மனும் கூட்டாளிகளும் உடுப்பை மணமில்லாத சவர்க்காரத்தில் தோய்த்து, ஊசியிலைகளோடு பையில் கட்டிவைத்திருந்தார்கள், மனித வாடை மானுக்குப் போகக்கூடாதென்று. விடியற்காலையில் அக்கா சாம்பிராணி போட்டார். குடில் முழுவதும் புகை. பிறகு மணியடித்தார். அந்தக் காடு அப்படியொரு மணியோசையை அதற்கு முன் கேட்டிருக்காது. கற்பூரம் காட்டி, வில்லுக்கும் மெஷினுக்கும் சந்தனப் பொட்டு வைத்து, மூன்று கியூபெக்காரரின் நெற்றியிலும் வைத்து, ஆளுக்கொரு கிண்ணம் அவலும் கடலையும் கொடுத்தார். அவர்கள் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார்கள். இனி மான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வரும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அதன்பிறகே வில் பலகையைவிட்டு இறங்கியது. காட்டுக்குள் விழுந்துகிடந்த ஒரு மரத்துக்குப் பின்னால் அண்ணை மடக்குக் கதிரையில் அமர்ந்தார். ஃபோர்மன் கொஞ்சம் தள்ளிப் பின்னால் நின்றார். வான் ஓட்டியவளுக்கு வேறு போக்கிடம் ஏது, நான் பக்கத்தில் குந்தினேன். அண்ணை காலை வளையத்துக்குள் விட்டுச் சுற்றத் தொடங்கினார். குளிரில் விரல் விறைத்துக் கைபிடி இரண்டு தடவை வழுக்கியது. என் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் ஏறி இருந்தேன். என் தொழில் வாழ்க்கையில் அவ்வளவு பாடுபட்டதில்லை. 'டிக்' என்று கொக்கி விழுந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அம்பை வைத்தார். கட்டையை முக்காலியில் சாய்த்தார்.

எவ்வளவு நேரம் இருந்தோம் என்று தெரியாது. சாம்பிராணியும் மணியும் தெரியாத ஏதோ ஒரு மான் வந்துவிட்டது. புதர்களுக்கு நடுவில் நின்று எதையோ மென்றது. அண்ணை குனிந்து குறிபார்த்தார். மூச்சுக்கூட விடவில்லை. விசையை அமத்தினார்.

அம்பு மானுக்கு மேலே, இரண்டு முழ உயரத்தில், ஒரு மரத்தில் போய்க் குத்தியது. மான் அம்பைப் பார்த்தது, எங்களைப் பார்த்தது, அவசரமே இல்லாமல் நடந்துபோனது.

ஃபோர்மன் ஓடிவந்து வில்லை வாங்கிப் பார்த்தார். குறிபார்க்கும் குழாயின் முன்கண்ணாடி நடுவில், அழகான வட்டமாக, அக்கா வைத்த சந்தனப் பொட்டு. ஃபோர்மனின் முகம் மலர்ந்துவிட்டது. உன் பிழை இல்லை, இதற்குள்ளால் யாருக்கும் ஒன்றும் தெரியாது, இது கணக்கில் இல்லை என்று அண்ணையின் தோளில் தட்டினார். எனக்கும் அப்பாடா என்றிருந்தது. "ஓம் அண்ணை, பொட்டுத்தான் மறைச்சது" என்றேன்.

"விடுங்கோ!" காடு அதிரக் கத்தினார். தமிழிலும் பிரெஞ்சிலும் மாறிமாறி வந்தது. "ஒரு பொட்டும் மறைக்கேல்லை. எனக்கு மான் வடிவாத் தெரிஞ்சுது. நான் மேலை பிடிச்சிட்டன். நாணேத்தினது நான், சுட்டது நான், பிழைச்சது நான். ஒருத்தரும் இதிலை கை வைக்க வேண்டாம்!"

அந்தக் குடிலில் ஒரு வழக்கம் உண்டு. மானைத் தவறவிட்ட வேட்டைக்காரனின் சேட்டு வாலை, அதாவது சட்டையின் பின்தொங்கலை, வெட்டி, பெயர் எழுதி, சுவரில் ஆணியடித்துவிடுவார்கள். ஃபோர்மன் கத்திரிக்கோலை எடுப்பதா விடுவதா என்று தயங்கினார். அண்ணையோ உள்ளே வந்ததும் சேட்டைக் காற்சட்டையிலிருந்து தானே இழுத்து வெளியே விட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

"ஐயோ, அது விஜயதசமிக்கு எடுத்த புதுச் சேட்டு!" என்று அக்கா குளறினார்.

"வெட்டட்டும், விடப்பா" என்றார். ஒருவர் தன்மேல் கைவைக்க அவர் பேசாமல் நின்றதை அன்றைக்குத்தான் கண்டேன். முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

ஃபோர்மன் துணித்துண்டை ஆணியடிக்கப் போனார். அண்ணை அதையும் ஆணியையும் சுத்தியலையும் அவரிடமிருந்து வாங்கிக்கொண்டார். துணியில் தமிழில் பெயரெழுதினார். ஆணியைத் துணியில் குத்தி, பலகைச் சுவரின் ஒரு வெடிப்பில் சொருகினார். அது விழுந்தது. திரும்பச் சொருகினார். திரும்ப விழுந்தது. அக்காவும், நானும், மூன்று கியூபெக்காரரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றோம். ஒருவரும் அசையவில்லை.

ஆணி இறங்க அரை மணித்தியாலம் பிடித்தது. அதனால் அன்று மத்தியானம் சமைத்தது ஃபோர்மன். அவித்த உருளைக்கிழங்கில் உப்பே இல்லை. வேட்டைக்காரர் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார்.